ரவென்னாவின் மொசைக் ஓவியங்கள்: ஒரு பகல் போதுமா, இரவு தங்க வேண்டுமா?

மேலவீதி (தஞ்சாவூர்) கேட்கிறார்:

அன்பர்களுக்கு வணக்கம். நான் 30 ஆண்டுகளாகத் தஞ்சாவூர் ஓவியத் தொழிலில் இருக்கிறேன். பலகையில் காடாத் துணி ஒட்டுவது, மேடு எழுப்ப மக்குப் பசை வைப்பது, கல் பதிப்பது, தங்க ரேக்கு ஒட்டுவது, கடைசியில் கண் திறப்பது என எல்லா வேலையையும் என் கையாலேயே செய்து பழகியவன். எங்கள் மகள் இத்தாலியில் பொலோன்யா நகரத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். வரும் ஐப்பசியில் நானும் என் மனைவியும் அவளைப் பார்க்கச் செல்கிறோம். அவளுக்கு வகுப்பு இருக்கும் நாள்களில் நாங்கள் இருவர் மட்டும் பக்கத்து ஊர்களுக்குப் போய்வர வேண்டியிருக்கும். வெனிஸுக்குப் போங்கள், புளோரன்ஸுக்குப் போங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் மனம் பழைய தேவாலயச் சுவர்களில் மொசைக் ஓவியங்கள் இருக்கும் ரவென்னாவிலேயே நிற்கிறது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் காலத்து ஓவியங்கள் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அவற்றின் பாதுகாப்பைக் கருதிப் பொதுமக்களை உள்ளே விடுவதில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை. மூச்சுக் காற்றின் ஈரம் சுண்ணாம்புச் சுவரை என்ன செய்யும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த நான், சுந்தரர் வெள்ளை யானையில் கயிலை செல்லும் அந்தக் காட்சியைப் படமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆயிரம் ஆண்டுக்கும் மூத்த ஓர் ஓவியத்தை, அது பிறந்த சுவரிலேயே, அதன் எதிரில் நின்று ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு. ரவென்னாவில் அது முடியும் என்று மகள் சொல்கிறாள்.

காலையில் ரயிலேறி மாலையில் திரும்பினால் போதுமா? எதை முதலில் பார்ப்பது? அங்கே தங்கத்தைக் கண்ணாடிக்குள் வைத்துப் பதித்திருக்கிறார்கள் என்கிறார்களே, அது எப்படி? நாங்கள் சைவ உணவுக்காரர்கள். மனைவிக்கு முழங்கால் வலியும் உண்டு. சென்று வந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அரசலாறு (கும்பகோணம்) எழுதுகிறார்:

வணக்கம் ஐயா. நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ரவென்னாவுக்கு இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் முறை சென்றதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வெனிஸிலிருந்து ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் போனோம். காலா பிளாசிதியா என்னும் அரசியின் பெயரால் வழங்கும் கல்லறை மண்டபத்துக்கு நேரம் குறித்த சீட்டு வேண்டும் என்பது அந்த நிறுவனத்தாருக்குத் தெரிந்திருக்கவில்லை. எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் சான் விதாலே தேவாலயத்தையும் 40 நிமிடத்தில் பார்த்து முடிக்கச் சொல்லிப் பேருந்தில் ஏற்றினார்கள். அன்று எனக்கு உண்டான வருத்தத்தில்தான் மூன்று ஆண்டுகள் பணம் சேர்த்து மறுபடியும் போனேன். ஆகவே என் பதில் இதுதான்: ஓர் இரவு தங்குங்கள். பொலோன்யாவிலிருந்து உள்ளூர் ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரப் பயணம் என்றாலும், போன அன்றே திரும்பாதீர்கள்.

அந்த ஊரில் ஏன் இத்தனை ஓவியங்கள் என்று தெரிந்துகொண்டு போனால் பார்வை தெளிவாகும். 402ஆம் ஆண்டில் மேலை ரோமப் பேரரசன் ஹொனோரியஸ் தன் தலைநகரை மிலானிலிருந்து ரவென்னாவுக்கு மாற்றினான். சுற்றிலும் சதுப்பு நிலம் இருந்ததால் எதிரிப் படை எளிதில் நெருங்க முடியாது. கடல் வழியோ எப்போதும் திறந்திருக்கும். 476இல் மேலைப் பேரரசு வீழ்ந்தது. 493 முதல் 526 வரை கோத்தியர் என்னும் ஜெர்மானிய இனத்தாரின் அரசன் தியோதோரிக் ஆண்டான். 540இல் கீழை ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளின் படை ஊரைப் பிடித்தது. 751 வரை அந்த ஆட்சி நீடித்தது. இப்படி மூன்று அரசுகள் அடுத்தடுத்து ஒரே ஊரை அலங்கரித்தன. அந்தக் காலத்துக் கட்டடங்களில் 8 கட்டடங்களை 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

முதலில் காலா பிளாசிதியா மண்டபத்துக்குப் போங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சிலுவை வடிவில் கட்டிய சிறிய செங்கல் வீடு, அவ்வளவுதான். தரைமட்டம் காலப்போக்கில் ஒன்றரை மீட்டர் உயர்ந்துவிட்டதால் கட்டடம் இன்னும் குள்ளமாகத் தெரிகிறது. காலா பிளாசிதியா ஹொனோரியஸின் தங்கை. அவள் 450இல் ரோமில் இறந்தாள். மண்டபம் அவள் பெயரைத் தாங்கினாலும் அவள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்க வாய்ப்பில்லை என்பதே பெரும்பாலோர் கருத்து. உள்ளே சென்றால் விதானம் முழுதும் ஆழ்ந்த நீலம், அதில் பொன் விண்மீன்கள், நடுவில் ஒரு பொன் சிலுவை. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய அலபாஸ்டர் கல் தகடுகள் இருப்பதால் வெளிச்சம் தேன் நிறத்தில் கசிகிறது. வாசலுக்கு மேலே இளம் மேய்ப்பராக இயேசு, தாடியில்லாமல், ஆடுகளின் நடுவே அமர்ந்திருக்கிறார். பக்கவாட்டு வளைவுகளில் மான்கள் நீர் அருந்துகின்றன. நாம் பழகிய கருவறையின் இருட்டும் அமைதியும் அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றியது. பேசிக்கொண்டே வந்த கூட்டம் உள்ளே காலை வைத்ததும் தானாகவே அடங்கியது.

அடுத்தது சான் விதாலே. 526ஐ ஒட்டித் தொடங்கி, 547இல் நேர்ந்தளிக்கப்பட்ட எண்கோணக் கோயில் இது. பொருள் கொடுத்தவர் ஜூலியானுஸ் என்னும் செல்வந்தர். பலிபீடத்தின் இடப்புறம் கீழை ரோமப் பேரரசர் ஜஸ்டினியன், எதிர்ப்புறம் பேரரசி தியோதோரா, இருவரும் தத்தம் பரிவாரத்தோடு நிற்கிறார்கள். இருவருமே ரவென்னாவில் கால் வைத்ததில்லை. தியோதோராவின் ஆடை விளிம்பைக் கூர்ந்து பாருங்கள்: குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை ஏந்திச் செல்லும் மூன்று ஞானிகளின் உருவம் சரிகை வேலைபோல அதில் பதிக்கப்பட்டிருக்கிறது. கையில் கிண்ணம் ஏந்தி அவளும் காணிக்கை கொண்டு போகிறாள் என்பதை அந்த விளிம்பே சொல்லிவிடுகிறது. இந்த ஒரு விளிம்புக்காகவே நான் கழுத்து வலிக்க நின்றேன். உங்களைப் போலப் புடவைக் கரையையும் அணிகலனையும் நுட்பமாகத் தீட்டுகிறவர் அதன் எதிரில் எத்தனை நேரம் நிற்பீர்களோ தெரியவில்லை.

மூன்றாவதாக சாந்த் அப்போலினாரே நுவோவோ. இது தியோதோரிக் தன் அரண்மனைக் கோயிலாகக் கட்டியது. ஒரு சுவரில் 26 ஆண் தியாகிகளும் எதிர்ச்சுவரில் 22 கன்னியரும் வரிசையாக நடந்து போகிறார்கள். அந்த வரிசையை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நீங்கள் ஆண் தியாகிகளின் வரிசை தொடங்கும் இடத்தில் இருக்கும் அரண்மனைக் காட்சிக்குப் போய் நில்லுங்கள். தூண்களுக்கு நடுவே வெள்ளைத் திரைகள் முடிச்சிட்டுத் தொங்குகின்றன. முதலில் அந்த இடங்களில் மனிதர்கள் நின்றார்கள். தியோதோரிக்கும் அவன் அவையினரும் என்று கருதுகிறார்கள். ஆட்சி மாறியதும் புதியவர்கள் அந்த உருவங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டுத் திரைகளைப் பதித்தார்கள். ஆனால் தூண்களின்மேல் படிந்திருந்த கைகளை எடுக்கவில்லை. தூண்களின் குறுக்கே, உடலில்லாத சில கைகளும் விரல்களும் இன்றைக்கும் தெரிகின்றன. பெரிய கோயிலில் நாயக்கர்கள் சோழர் ஓவியத்தின் மேலேயே பூசித் தீட்டியதால் அடியில் இருந்தது பிழைத்தது. ரவென்னாவில் பெயர்த்தெடுத்ததால் உருவம் போய்விட்டது, கை மட்டும் மிஞ்சியது. உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கைகள்தான்.

முழங்கால் பற்றிக் கவலை வேண்டாம். ஊர் முழுதும் சமதளம். ரயில் நிலையத்திலிருந்து சான் விதாலே கால் மணி நேர நடை. கோயில்களுக்குள் உட்கார இடமும் கிடைக்கும்.

வண்டல்மண் (சுவாமிமலை) எழுதுகிறார்:

ஐயா, தங்கத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். எங்கள் குடும்பம் மெழுகு வார்ப்பில் சிலை செய்யும் குடும்பம். ரவென்னாவில் மொசைக் கற்றுத்தரும் பட்டறைகள் உண்டு. வெளிநாட்டவருக்கென்று சில நாள் வகுப்புகளும் நடத்துகிறார்கள். அப்படி ஒரு வகுப்பில் நான் ஐந்து நாள் உட்கார்ந்தேன்.

நாம் மொசைக் என்றாலே வீட்டுத் தரையை நினைப்போம். இது வேறு. இதற்கென்றே நிறம் ஏற்றி உருக்கிய கெட்டிக் கண்ணாடியைத் தகடாக வார்த்து, சிறு சிறு துண்டுகளாக உடைக்கிறார்கள். உடைக்கும் முறை இன்றும் பழையதுதான்: ஒரு மரக்கட்டையின் நடுவில் உளி, வாய்ப்புறம் மேலே இருக்கும்படி நட்டிருக்கிறது. துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, உளியின் வாயின்மேல் வைத்து, இருபுறமும் கூரான வளைந்த சுத்தியலால் ஒரே தட்டு. தட்டு சரியாக விழுந்தால் கண்ணாடி கோடு போட்டதுபோலப் பிளக்கும். முதல் நாள் முழுதும் எனக்கு நொறுங்கியதுதான் மிச்சம்.

தங்கத் துண்டில் மூன்று அடுக்கு. அடியில் தடித்த கண்ணாடி, அதன்மேல் அடித்து மெலிந்த தங்க ரேக்கு, அதற்கும் மேலே நகத்தின் கனம்கூட இல்லாத கண்ணாடிப் படலம். மூன்றையும் உலையில் சூடாக்கி ஒன்றாக்கிவிடுவதால் ரேக்கில் காற்றும் படாது, கையும் படாது. நாம் பலகையில் ஒட்டிய ரேக்குக்கு வெளியே கண்ணாடிச் சட்டம் போடுகிறோம். அவர்கள் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே கண்ணாடி போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,500 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தங்கம் மங்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறு. நம் ஓவியத்தில் ரேக்கு மக்கின் மேடு பள்ளத்தில் படிந்து ஒளியை வாங்கும். அங்கே மேடு பள்ளம் கிடையாது. துண்டுகளை ஈரச் சுண்ணாம்பில் அழுத்தும்போதே ஒவ்வொன்றையும் சிறிது சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்று இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது கீழ்நோக்கிச் சாய்கிறது. நீங்கள் அசையாமல் நின்றால் பாதித் தங்கம் பழுப்பாக, அணைந்தாற்போல் இருக்கும். இரண்டடி நகருங்கள், அணைந்தது எரியும், எரிந்தது அணையும். காற்றில் அகல்விளக்குத் திரி ஆடுவதுபோலச் சுவரே ஆடும். இந்தச் சாய்வைப் புகைப்படம் காட்டாது. நானும் புத்தகத்தில் பார்த்துவிட்டுப் போய், நேரில் கண்டபோது பேச்சற்று நின்றேன். ஆகவே ஒரே இடத்தில் நின்று பார்க்காதீர்கள், நடந்துகொண்டே பாருங்கள். முகங்களுக்கு வரும்போது மட்டும் நில்லுங்கள். முகத்தில் துண்டுகள் மிகவும் சிறியவை. கன்னத்தின் வளைவை ஒட்டியே வரிசைகள் திரும்புவது, மெழுகில் முகம் பிடிக்கும்போது எங்கள் விரல் திரும்புகிற திசையை எனக்கு நினைவூட்டியது.

ஐப்பசி என்கிறீர்கள். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன்பிறகு மாலை 5 மணிக்கே வெளிச்சம் போய்விடும். தங்கத்துக்கு வெயில் வேண்டும். எனவே சான் விதாலேயை முற்பகலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கழிமுகத்தாள் (திருவெண்காடு) எழுதுகிறார்:

வணக்கம் அண்ணா. அரசலாறு ஐயா சொல்லாமல் விட்ட ஓரிடத்தைச் சேர்க்க வேண்டும். ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் கிளாசே இருக்கிறது. ரயிலில் அடுத்த நிலையம், நகரப் பேருந்தும் போகும். அங்கே 549இல் நேர்ந்தளிக்கப்பட்ட சாந்த் அப்போலினாரே தேவாலயம் வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து பூம்புகார் எட்டும் தூரம். அதனால் அந்த இடம் என்னை மிகவும் கலங்க வைத்தது. கிளாசேதான் அகஸ்டஸ் காலத்திலிருந்து ரோமர்களின் கப்பற்படைத் துறைமுகம். ஆறுகள் கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட, கடல் விலகிப் போயிற்று. பாய்மரங்கள் நின்ற இடத்தில் இப்போது பழமரங்கள் நிற்கின்றன என்று ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். நம் பட்டினத்தைக் கடல் கொண்டது. அவர்கள் பட்டினத்தைக் கடல் கைவிட்டது. அந்தத் துறைமுகத்தின் தோற்றம் சாந்த் அப்போலினாரே நுவோவோவின் சுவரில், கப்பல்களோடும் கோட்டை மதிலோடும் இருக்கிறது. கன்னியர் வரிசை அங்கிருந்துதான் புறப்படுகிறது; அதைப் பார்த்துவிட்டுக் கிளாசேக்குப் போங்கள். தேவாலயத்தின் பின்சுவர் வளைவில் பச்சைப் புல்வெளி, பூக்கள், மரங்கள், வெள்ளை ஆடுகள். மேலே நீல வட்டத்தில் 99 விண்மீன்களுக்கு நடுவே ஒரு சிலுவை. தங்கத்தைக் காட்டிலும் அந்தப் பச்சைதான் எனக்குப் பிடித்தது. நடவு முடிந்து ஒரு மாதம் ஆன வயலின் பச்சை அது.

நாம் ஆற்றுப் பாசனத்துக்காரர்கள் என்பதால் இன்னும் இரண்டு இடங்கள். ஆரியன் ஞானஸ்நான மண்டபம் (ஆரியஸ் என்ற குருவின் வழிவந்த கிறித்தவப் பிரிவினருடையது) ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. விதானத்தில் இயேசு யோர்தான் ஆற்றில் இடுப்பளவு நீரில் நிற்கிறார். பக்கத்தில் அந்த ஆறே ஒரு முதியவராக, தலையில் நண்டின் கொடுக்குகளோடு உட்கார்ந்திருக்கிறது. காவிரியைத் தாயாக நினைத்து ஆடிப்பெருக்கில் காதோலை கருகமணி விடுகிற நமக்கு, ஆற்றுக்கு உருவம் கொடுத்த இந்தக் கற்பனையை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, கவிஞர் தாந்தேயின் கல்லறைக்குப் பக்கத்தில் உள்ள சான் பிரான்செஸ்கோ தேவாலயம். அவர் 1321இல் இந்த ஊரில்தான் இறந்தார். அந்தத் தேவாலயத்தின் நிலவறை எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. ஊர் அமிழ்ந்துகொண்டே வருவதால் நிலத்தடி நீர்மட்டம் தரைக்கு மேலே வந்துவிட்டது. காசு போட்டால் விளக்கு எரியும். பழைய மொசைக் தரையின்மேல் தெளிந்த நீர் நிற்க, தங்கமீன்கள் அதில் நீந்துவதைப் பார்க்கலாம்.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பக்கத்து ரொட்டியின் பெயர் பியாதீனா. பார்ப்பதற்கு நம் சப்பாத்தி போலவே இருக்கும், கல்லில்தான் சுடுவார்கள். ஆனால் மாவில் பன்றிக்கொழுப்புச் சேர்த்துப் பிசைவது அவர்கள் வழக்கம். ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். "சென்சா ஸ்ட்ரூத்தோ" என்று சொன்னால் கொழுப்பு இல்லாமல் என்று பொருள். கப்பெல்லெத்தி என்ற பெயரில் சூப்பில் மிதந்து வருவது இறைச்சிச் சாற்றில் வெந்தது, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மேலவீதி (தஞ்சாவூர்) மீண்டும்:

மூவருக்கும் என் நன்றி. உடல் போய்க் கை மட்டும் நிற்கும் அந்தத் தூண்களைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இரண்டு இரவு தங்குவதென்று மகளிடம் சொல்லிவிட்டேன். முதல் நாள் ஊருக்குள், மறுநாள் கிளாசே. சீட்டு விவரத்தை மட்டும் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். எல்லா இடத்துக்கும் ஒரே சீட்டா? காலா பிளாசிதியாவில் எவ்வளவு நேரம் நிற்க விடுவார்கள்?

அரசலாறு (கும்பகோணம்) எழுதுகிறார்:

ஐயா, ஒரே சீட்டு அல்ல. சான் விதாலே, காலா பிளாசிதியா, சாந்த் அப்போலினாரே நுவோவோ, நெயோன் என்ற ஆயரின் பெயரால் வழங்கும் ஞானஸ்நான மண்டபம், பேராயரின் அருங்காட்சியகத்தோடு சேர்ந்த சிற்றாலயம் ஆகிய ஐந்தும் பேராயத்தின் பொறுப்பில் இருப்பவை. அவற்றுக்குச் சேர்த்து ஒரு சீட்டு. காலா பிளாசிதியாவுக்கும் நெயோனின் மண்டபத்துக்கும் நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கிளாசே, ஆரியன் மண்டபம், தியோதோரிக்கின் கல்லறை ஆகியவை அரசின் பொறுப்பு, சீட்டு தனி. ரயிலுக்குத் தாள் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும்.

காலா பிளாசிதியாவில் 5 நிமிடம்தான். எனவே ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வெளி வெயிலிலிருந்து போகும் கண்ணுக்கு அந்த நீலம் உடனே தெரியாது, வெறும் கருப்பாகத்தான் இருக்கும். உள்ளே நுழைந்ததும் முதல் ஒரு நிமிடம் தரையைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். பிறகு மெல்லத் தலையை நிமிர்த்துங்கள். அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.